சேட்டு வண்டியின் கதவு

காலை பத்தரை மணி, ஏழு பேர், அதில் வாங்குகிறவர் குரியாச்சன் ஒருவர் மட்டும்: பழைய கார் விற்கிற தொழிலில் நல்ல நாள் என்பது இப்படித்தான் தொடங்கும். கெட்ட நாளில் மற்ற ஆறு பேர் மட்டும் வருவார்கள்.

ஓடாத கிரைண்டரையோ, மாமனார் கொடுத்த கட்டிலையோ விற்க முயன்றவர்களுக்காக இதை எழுதுகிறேன். நம் பாடு நமக்குத்தான் தெரியும். நான் ஒரு தமிழ் நாளிதழுக்குக் கொச்சியிலிருந்து செய்தி எழுதிவந்தவன். ஓய்வு பெற்றபின் மட்டாஞ்சேரியிலேயே தங்கி, பழைய பொருள்களுக்கு விளம்பரம் எழுதி, ஆள் தேடி, விற்றுக் கொடுக்கிறேன். சாய்வு நாற்காலி, சுவர்க் கடிகாரம், பெல்ஜியம் கண்ணாடி என்று எத்தனையோ என் கையால் போயிருக்கின்றன. போக மறுத்தது ஹரிலால் சேட்டின் அமெரிக்கக் கார் ஒன்றுதான்.

சேட்டு பஜார் தெருவில் சுக்கு, மிளகு வியாபாரம் செய்தவர். குடும்பம் குஜராத்திலிருந்து வந்து பல தலைமுறை ஆகிவிட்டது. தனக்குக் கனவு வருவதே மலையாளத்தில்தான் என்பார். பீருமேட்டுப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கோழிகள் குடியிருந்த அந்தக் காரை வாங்கிவந்து, வீட்டின் கீழறையில் நிறுத்தி, பதினான்கு வருடம் வேலை பார்த்துப் புதிதாக்கினார். எட்டு சிலிண்டர். இடதுபக்க ஸ்டியரிங். மீசை திருத்திக்கொள்ளலாம் போல் பளபளக்கும் பம்பர். கம்பெனி பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்களும் என்னிடம் லாஸ்ட் விலை கேட்பீர்கள்.

விற்க வேண்டிய காரணம் மாடியில் இருந்தது. சேட்டின் மனைவி ஜெயாபென்னுக்கு இடுப்பு எலும்பு முறிந்து, ஆபரேஷன் ஆகி, கைத்தடியோடு அறைக்குள் நடக்கிறார். மாடிப்படி இனி ஆகாது. மட்டாஞ்சேரி மரப்படி தெரியுமல்லவா, ஏணிக்கு ஒரு படி மேல். அவர் கீழே வந்து குடியிருக்க அந்த வீட்டில் ஒரே ஓர் அறை. அதில் கார் நின்றது.

காரை வேறெங்காவது நிறுத்தலாமே என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். கடல் ஏறும் நாட்களில் காயல் தண்ணீர் தெருவுக்கே வந்துவிடும் ஊர் இது. மிளகு நனையாமல் இருக்க இரண்டடி உயர்த்திக் கட்டிய இந்த அறையைத் தவிர எங்கே வைத்தாலும் உப்பு தின்றுவிடும் என்றார் சேட்டு. அவரேதான் என்னைத் தேடி வந்து, "அவளுக்கு ரூம் வேணும், அண்ணாச்சி. வித்துக் கொடுங்க" என்றார். மனதாரத்தான் சொன்னார். அவர் பொய் சொல்லியிருந்தால் என் வேலை சுலபமாக இருந்திருக்கும்.

இனி வரும் பேச்சில் பெரும்பகுதி மலையாளத்தில் நடந்தது. எனக்கு வந்த தமிழில் தருகிறேன்.

குடும்பத்தோடு வந்தவர்

குரியாச்சன் களமசேரியில் கம்பெனிகளுக்கு கேன்டீன் நடத்துகிறவர். மனைவி, மாமியார், மச்சான், இரண்டு பிள்ளைகள், கார் விஷயம் தெரிந்த பக்கத்து வீட்டுக்காரர் என்று ஏழு பேராக வந்தார். பிள்ளைகள் ஹாரனை விடவில்லை. மச்சான் பம்பரைப் பார்த்துத் தலை சீவினார். விஷயம் தெரிந்தவர் பானெட்டைத் திறக்கச் சொல்லி, வெகுநேரம் உள்ளே பார்த்துவிட்டு, "என்ஜின் இருக்கு" என்று அறிவித்தார். லிட்டருக்கு எவ்வளவு கிடைக்கும் என்றார் குரியாச்சன். "நாலு" என்றார் சேட்டு. "நாற்பதா?" "நாலு. அதுவும் இறக்கத்தில்."

அத்துடன் வியாபாரம் முடிந்தது. இறங்கியவர்கள் கதவுகளை ஒவ்வொன்றாக அறைந்து சாத்தினார்கள். ஒவ்வொரு அறைக்கும் சேட்டின் கண்கள் ஒருமுறை மூடித் திறந்தன. அதன் அர்த்தம் அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. தெருமுனை வரை போனபிறகு ஆள் குறைகிறதென்று தெரிந்து குரியாச்சன் திரும்ப ஓடிவந்தார். மாமியார் ஏலியாம்மா பின்சீட்டில் கால் நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தார். மருமகன் தோளைத் தொட்டு எழுப்பியதும் கண்ணைத் திறக்காமலே கேட்டார்: "வீடு வந்தாச்சா? இன்னும் கொஞ்சம் ஓட்டக் கூடாதா, மோனே?"

போனில் வாங்குகிறவர்கள்

நேரில் வருகிறவர்கள் தேவலை. விளம்பரத்தில் நான்கே வரி எழுதியிருந்தேன்; அந்த நான்கு வரியில் இருந்ததையெல்லாம் போனில் கேட்டார்கள். வண்டி இருக்கிறதா என்பார்கள். இருக்கிறது என்றால் லாஸ்ட் எவ்வளவு என்பார்கள். முதல் விலையையே இன்னும் சொல்லவில்லையே என்றால் போனை வைத்துவிடுவார்கள். ஒருவர் ஸ்டியரிங்கை வலதுபக்கம் மாற்றித் தர முடியுமா என்றார், சட்டைப் பொத்தானை மாற்றித் தைக்கச் சொல்வதுபோல. ஒருவர் இரண்டு ஜெர்சிப் பசுவும் ஓர் ஆட்டோவும் தருவதாகச் சொன்னார். இன்னொருவர் தன் இறால் பண்ணையில் பாதிப் பங்கு.

எதிரில் நாசரின் சாயாக்கடை. வண்டி பார்க்க வந்தவர்கள் அத்தனை பேரும் அங்கேதான் சாயா குடித்தார்கள், பழம்பொரி தின்றார்கள், வண்டியைப் பற்றி எனக்கு எதிராகப் பேசினார்கள். ஒருநாள், எப்போதுதான் விற்குமோ என்று நான் அலுத்துக்கொண்டபோது நாசர் கிளாஸைத் துடைத்தபடி சொன்னார்: "அவசரம் என்ன அண்ணாச்சி, என் மோளுடைய கல்யாணம் வரைக்கும் நிக்கட்டும்."

என்ஜின் வேண்டாத ரிசார்ட்காரர்

கும்பளங்கியில் ரிசார்ட் வைத்திருக்கும் சாபு பேரமே பேசவில்லை. வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார், உள்ளே தலையை விட்டு மோந்து பார்த்தார், "சுக்கு மணம். நல்லா இருக்கு, டூரிஸ்டுக்குப் பிடிக்கும்" என்றார். எனக்கு நம்பிக்கை வந்தது. மீன்குளத்துக் கரையில் வண்டியை நிறுத்தப் போகிறாராம். மேற்கூரையை வெட்டியெடுத்துவிட்டு நடுவில் ஒரு மேஜை. நான்கு பேர் உட்கார்ந்து கரிமீன் சாப்பிடலாம். "என்ஜின் கனம் சேட்டா, கரை தாங்காது. அதை நீங்களே வச்சுக்கோங்க."

சேட்டு பானெட்டின் மேல் கையை வைத்துக்கொண்டார். அப்போதுதான் தலைக்கு மேலே டொக் டொக் டொக் என்று மூன்று சத்தம். மாடித் தளம் மரப்பலகை. பலகைகளுக்கு நடுவே விரல் நுழையும் இடுக்கு. அதன் வழியாகப் பழைய மிளகுத் தூசி பானெட்டின் மேல் உதிர்ந்தது. கீழே பேசுகிற ஒவ்வொரு சொல்லும் மேலே போகிறது என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். கைத்தடி நின்றது, ஜெயாபென்னின் குரல் இறங்கியது: "குடுத்துடுங்க! என்ஜினை நான் கட்டிலுக்கு அடியில வச்சுக்கறேன்!"

வெங்காய லாரி

பிராட்வே கடைத்தெருவில் மொத்தப் பாத்திரக்கடை வைத்திருக்கும் மாரியப்பன் தென்காசிக்காரர். மகள் கல்யாணத்துக்கு முன் வாங்கிவிட வேண்டும், ஆனால் ஓட்டிப் பார்க்காமல் தொட மாட்டேன் என்றார். நியாயம்தான். சேட்டு ஓட்ட, மாரியப்பன் வலதுபக்கம் உட்கார, நான் பின்னால். இடதுபக்க ஸ்டியரிங்கில் இருப்பவருக்குத் தெரு வளைவில் எதிரில் வருவது தெரியாது. பக்கத்தில் இருப்பவர் தலையை வெளியே நீட்டிச் சொல்ல வேண்டும். "வாங்க, வாங்க, வரலாம்" என்று மாரியப்பன் சொல்லிக்கொண்டே வந்தார். அவர் வரச் சொன்னது எதிரே வந்த வெங்காய லாரியை.

பஜார் தெருவில் ஒரு லாரிக்கே மூச்சு முட்டும். லாரி பின்னால் போகாது, அதன் பின்னால் இன்னொரு லாரி. நாங்கள் பின்னால் போக முடியாது, எங்கள் பின்னால் தெருவே வந்து நின்றது. ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள்; கடைக்குள்ளிருந்தே சிலர் சொன்னார்கள். மூட்டை இறக்கக் காத்திருந்த சுமட்டுத் தொழிலாளர்கள் வரிசையாக இடுப்பில் கைவைத்து நின்றார்கள். மாரியப்பன் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, படகுத்துறை பக்கம்தானே என்று கேட்டு, நடந்தே போய்விட்டார். சுமட்டுக்காரர்களின் தலைவர் ஷாஜி ஜன்னலருகே குனிந்து ரொம்ப அன்பாகச் சொன்னார்: "அண்ணாச்சி, தோளில தூக்கிட்டுப் போக முடியாத சரக்கை இந்தத் தெருவுல யாரும் வாங்கமாட்டான்."

கோயம்புத்தூரிலிருந்து ஒரு நல்லவர்

இப்படியே சொல்லிக்கொண்டு போனால் தவறு முழுக்க வாங்க வந்தவர்கள் மேல் என்று ஆகிவிடும். கோயம்புத்தூரிலிருந்து வந்தவரைச் சொல்ல வேண்டும். மில்காரக் குடும்பம், இதே காலத்து வண்டிகள் வீட்டில் ஆறு வைத்திருக்கிறார். நல்ல வெயில் வரும்வரை காத்திருந்து பெயின்ட் பார்த்தார். கார்புரேட்டர் எந்த ஊரில் கடைந்தது என்று கேட்டார். கேட்காத கேள்விக்கெல்லாம் சேட்டு பதில் சொன்னார். இருவரும் ஒரு மணி நேரம் காருக்கு அடியில் படுத்துக் கிடந்தார்கள். சொன்ன விலைக்குச் சம்மதம். நான் மனதுக்குள் ஜெயாபென்னின் கட்டிலை வடக்குச் சுவர் ஓரம் போட்டுப் பார்த்தேன்.

அவர் கடைசியாக ஒருமுறை டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, இறங்கி, சந்தோஷத்தில் கதவை ஓங்கிச் சாத்தினார். மலைப்பாதையில் ஜீப்புக் கதவு அறைந்து பழகிய கை. சேட்டு கண்ணை மூடித் திறந்தார். "விக்கலை" என்றார். வந்தவர் சிரித்தார், விளையாட்டு என்று நினைத்து. சேட்டு துணியை எடுத்துக் கதவின் கைப்பிடியைத் துடைக்கத் தொடங்கினார்.

பிறகு காரணம் கேட்டேன். அந்தக் கதவைச் சாத்த ஒரு முறை இருக்கிறதாம்: பாதி வரை கொண்டுவந்து, நிறுத்தி, உள்ளங்கையால் ஓர் அழுத்து. இரும்புப் பெட்டி மூடுகிற மாதிரி 'டப்' என்று ஒரே சத்தம் வர வேண்டும். கதவை அறைகிறவன் கையில் வண்டியைக் கொடுக்க முடியாது. அதுவரை வந்த ஒவ்வொருவரும் தோற்ற பரீட்சை இதுதான். குரியாச்சன் குடும்பம் நான்கு முறை தோற்றிருக்கிறது. எங்கள் பேச்சு ஓய்ந்ததும் மேலேயிருந்து, கைத்தடிகூடத் தட்டாமல், ஜெயாபென் கேட்டார்: "அறைஞ்ச சத்தம் கேட்டுச்சே. இவரும் போயாச்சா?"

நாசரின் ஃப்ரிட்ஜ்

காரணம் தெரிந்தபின் சும்மா இருக்க முடியுமா? வருகிறவர்களை முதலில் நாசர் கடைக்குக் கூட்டிப்போய், சாயா வாங்கிக் கொடுத்து, அவருடைய பழைய ஃப்ரிட்ஜ் கதவில் பயிற்சி கொடுத்தேன். பாதியில் நிறுத்து, உள்ளங்கை, அழுத்து. வெள்ளை வேட்டி கட்டிய ஒப்பந்தக்காரர்கள், பல் டாக்டர், சர்ச் கமிட்டி செயலாளர் எல்லோரும் வரிசையில் நின்று ஃப்ரிட்ஜை மூடினார்கள். பால் வாங்க வந்த பெண்கள் எங்களை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்கள்.

பல் டாக்டர்தான் முதல் மாணவர். வண்டியைப் பார்த்தார், பிடித்தது, இறங்கினார், பாதியில் நிறுத்தினார், பூப்போல அழுத்தினார். பூப்போல அழுத்தியதால் கதவு விழவில்லை. சேட்டு அருகில் போய், ஓர் அங்குலம் திறந்து நின்ற கதவை விரலால் அசைத்துக் காட்டினார். "ஒரு கதவை மூடத் தெரியலை" என்றார். தலை குனிந்து நான் நாசர் கடைக்குத் திரும்பியபோது அவர் ஃப்ரிட்ஜின் ரப்பர் பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்: "வண்டி போகல. என் ஃப்ரிட்ஜு போயிடுச்சு அண்ணாச்சி."

மாடியில்

விஷுவுக்கு இரண்டு வாரம் இருந்தது. ஜெயாபென் கூப்பிட்டனுப்பினார். மரப்படியைக் கைகளாலும் பிடித்து ஏறினேன், எனக்கே அப்படி. ஜன்னலோரம் அவர் நாற்காலி. அங்கிருந்து பார்த்தால் எதிர்க் கட்டட ஓடுகளும், தெருவில் போகும் லாரிகளின் தார்ப்பாய் முதுகும் தெரியும். மனிதர் யாரும் தெரியமாட்டார்கள். மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தபோது ஷாஜியின் ஆட்கள் நாற்காலியோடு தூக்கி இறக்கினார்களாம். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்து ஏறியதற்கப்புறம் தெருவைப் பார்க்கவில்லை. வைத்தியர் அடுத்த தெருவில், மார்க்கெட் இரண்டு எட்டில், கூட்டாளிப் பெண்கள் நவராத்திரிக்குக் கர்பா ஆடியது பின் சந்தில். எல்லாம் காதால் கேட்டதுதான்.

கார் ஏன் இன்னும் விற்கவில்லை என்று கேட்பார் என நினைத்தேன். அவர் ஒரு சந்தேகம் கேட்டார். பெயின்ட் அடிக்கும் முன்பே அவருக்கு இடுப்பு போய்விட்டது. காய்ச்சலில் இறங்கிய அன்று வண்டிமேல் போர்வை கிடந்தது. பதினான்கு வருடம் தன் காலுக்குக் கீழே நடந்த வேலையின் முடிவை அவர் பார்த்ததே இல்லை; பலகை இடுக்கில் குனிந்து பார்க்க இடுப்பு விடாது. கதவுச் சத்தம் மட்டும் தெரியும். யாருக்கும் கேட்கக் கூடாதென்று, பலகை இடுக்கை மறந்து, மெல்லக் கேட்டார்: "அண்ணாச்சி, நிஜம் சொல்லுங்க. அது என்ன கலர்?"

இறங்கிய நாள்

கீழே சேட்டுக்குக் கேட்டிருக்க வேண்டும். மறுநாள் காலை அவரே ஷாஜியைக் கூட்டிவந்தார். நான்கு பேர், ஒரு நாற்காலி, இரண்டு கயிறு. மிளகு மூட்டைக்குக் கூட இவ்வளவு பத்திரம் பார்த்ததில்லை என்று ஷாஜி முணுமுணுத்தார். கீழே வந்ததும் ஜெயாபென் நாற்காலியில் இருந்தபடியே வண்டியை முன்னிருந்து பின்னால் வரை பார்த்தார். தயிர் வெள்ளை, பக்கவாட்டில் ஒரே ஒரு சிவப்புக் கோடு. சேட்டு பின்கதவைத் திறந்து, கைகொடுத்து, சீட்டில் உட்காரவைத்தார். பத்திரிகையில் தன் பெயர் வந்திருக்கிறதா என்று தேடுகிறவர் போல மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நல்லா இருக்கு" என்றார் ஜெயாபென். "ரொம்ப நல்லா இருக்கு." சேட்டின் கண் கலங்கியது. உடனே ஜெயாபென் கைப்பிடியைப் பற்றி, தன்னிடம் இருந்த பலமெல்லாம் சேர்த்து, கதவை இழுத்து அறைந்தார். திறந்தார். மறுபடி அறைந்தார். மேலேயிருந்து மிளகுத் தூசி கொட்டியது. எதிரில் நாசர் வெளியே வந்து பார்த்தார். கண்ணாடி விரிசல் விடவில்லை, கைப்பிடி கழலவில்லை, கோடு அழியவில்லை. "கதவு தாங்குது, பாருங்க" என்றார் கணவரிடம். "நீங்க செஞ்சது கெட்டியாத்தான் இருக்கு. நான்தான் கெட்டி இல்லை."

ஷாஜி தலையைச் சொறிந்து, திரும்ப மேலே ஏற்றலாமா என்று பொதுவாகக் கேட்டார். பின்கட்டில் குளியலறை இருந்தது, பின்சீட்டோ அவருடைய கட்டிலைவிட அகலம். ஜெயாபென் சீட்டில் சாய்ந்துகொண்டு பதில் சொன்னார்: "தலையணையை இறக்குங்க ஷாஜி. வண்டி போற வரைக்கும் எனக்கு ரூம் இதுதான்."

மறுபடியும் குரியாச்சன்

அதன்பிறகு வண்டி பார்க்க வந்தவர்கள், பின்சீட்டில் பூண்டு உரித்துக்கொண்டிருக்கும் ஓர் அம்மாளையும் சேர்த்துப் பார்த்தார்கள். ஒருவர் அவரும் விலையில் அடக்கமா என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டார். ஜெயாபென் ஜன்னல் வழியே தெருவோடு பேசினார், நாசரிடம் சாயா வாங்கிக் குடித்தார், வருகிறவர்களிடம் "நல்லா அறைஞ்சு சாத்துங்க, பயப்படாதீங்க" என்றார். சேட்டு வாசல்படியில் உட்கார்ந்து, ராத்திரியும் அங்கேயே பாய் விரித்தார்.

ஒரு சனிக்கிழமை குரியாச்சன் வந்தார். இம்முறை கூட வந்தது ஏலியாம்மா மட்டும். அன்றைக்குத் தூங்கிய மாதிரி அப்புறம் தூங்கவே இல்லையாம். முதுகுவலிக்கு எந்த மெத்தையும் சரியில்லை, அந்த வண்டி வேண்டும் என்று மாதக்கணக்கில் மருமகனின் உயிரை எடுத்திருக்கிறார். இரண்டு பெண்களும் பின்சீட்டில் அருகருகே உட்கார்ந்து, ஒருவர் இடுப்பையும் ஒருவர் முதுகையும் பற்றிப் பேசி முடிக்கும்வரை நாங்கள் மூன்று ஆண்களும் வெளியே நின்றோம். குரியாச்சன் விலையில் கொஞ்சம் குறைத்துக் கேட்டார். சேட்டு பழக்கதோஷத்தில் மேலே பலகையைப் பார்த்தார். "நான் இங்கே இருக்கேன்" என்றார் ஜெயாபென் காருக்குள்ளிருந்து. "சரின்னு சொல்லுங்க."

குரியாச்சன் மாமியாரை இறக்கிவிட்டு, கேன்டீன் ஷட்டரை இழுத்துவிடும் கையால், கதவை அறைந்தார். சேட்டின் கண்கள் மூடின. ஆளை இழந்துவிட்டோம் என்று நான் நாசர் கடை பக்கம் திரும்பினேன். கண்கள் திறக்கக் கொஞ்சம் நேரம் ஆனது. திறந்தபோது சேட்டு சொன்னது: "இன்னொரு தடவை சாத்துங்க. சரியா விழுந்துச்சான்னு பார்க்கணும்."

விஷுவுக்கு மறுநாள் வண்டி களமசேரிக்குப் போனது. அன்று சாயங்காலமே கட்டில் கீழே இறங்கியது, நான் நினைத்த வடக்குச் சுவர் ஓரத்தில் அல்ல, தெரு ஜன்னல் ஓரத்தில். ஓணத்துக்கு முந்தின நாள் ஹரிலால் சேட்டு அந்த அறைக்குத் தேக்கில் புதுக் கதவு போட்டார்; ஜெயாபென் அதை அறைந்துதான் சாத்துகிறார்.